கடக்கும் வழி தங்கும் இடமானது: குரோஸ்குளாக்னர் மலைச்சாலை – ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய மலைச்சாலை ஒன்றைச் சுற்றுலாவுக்குத் திறந்துவிட்டால் வட்டாரம் தானாக வளரும் என்ற எண்ணம் திட்ட அறிக்கைகளில் அடிக்கடி தென்படுகிறது. ஆஸ்திரியாவின் குரோஸ்குளாக்னர் மலைச்சாலை அந்த எண்ணத்தை உரசிப் பார்க்க ஏற்ற சாலை. 1924இல் திட்டமாகத் தொடங்கிய அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு வரலாறு கைவசம் இருக்கிறது. இதில் வரும் பொறியாளர், ஆளுநர், விடுதிக்காரர்கள் ஆகியோரைப் பெயரால் அல்லாமல் அவரவர் வேலையால் மட்டுமே குறிப்பிடுகிறோம்.

பின்னணி

குரோஸ்குளாக்னர் 3,798 மீட்டர் உயரமுள்ள, ஆஸ்திரியாவின் மிக உயர்ந்த சிகரம். அதன் பெயரைத் தாங்கிய சாலை சிகரத்தின் மேல் ஏறுவதில்லை. பக்கத்து முகடுகளைத் தாண்டி, வடக்கே சால்ஸ்பர்க் மாநிலத்தின் ஃபுஷ் பள்ளத்தாக்கையும் தெற்கே கரிந்தியா மாநிலத்தின் ஹைலிகன்புளூட் கிராமத்தையும் இணைக்கிறது. நீளம் 48 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகள் 36. சாலை மலையைக் கடக்கும் ஹோக்டோர் கணவாய் 2,504 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மலையைக் குடைந்துபோகும் சிறிய சுரங்கத்துக்குள்தான் இரு மாநிலங்களின் எல்லை.

வழி பழையது. உப்பு தெற்கே போகவும் ஒயின் வடக்கே வரவும் பொதிக் குதிரைகள் பல நூற்றாண்டுகளாக இதே கணவாயைக் கடந்தன. சாலை வேலையின்போது ஹோக்டோரில் ஹெர்குலிஸின் சிறிய வெண்கலச் சிற்பம் ஒன்று கிடைத்ததால், ரோமானியர் காலத்திலேயே இங்கே ஆள் நடமாட்டம் இருந்தது உறுதியானது. பின்னால் இந்தச் சாலையை “வரலாற்றுச் சாலை” என்று அறிமுகப்படுத்தியபோது அந்தப் பழமையும் கைகொடுத்தது. ஆனால் வண்டிகள் ஓடும் சாலை 1930களில் போட்டதுதான்.

முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியா சுருங்கிப்போனது. தெற்கு டிரோல் இத்தாலிக்குப் போனதும், மேற்கே பிரென்னர் கணவாய்க்கும் கிழக்கே ராட்ஷ்டாட் டவெர்ன் கணவாய்க்கும் நடுவே 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலைத்தொடரைக் கடக்க, சொந்த நாட்டுக்குள் ஒரு வண்டிப்பாதைகூட இல்லை. ஹைலிகன்புளூட் பக்கத்திலிருந்து குளாக்னர்ஹவுஸ் மலைவிடுதி வரை 1908இல் போட்ட சாலை ஒன்று இருந்தது. அது அங்கேயே முடிந்துவிடும்.

திட்டம் எழுந்தபோது நிலவரம்

1924இல் வல்லுநர் குழு ஒன்று ஹோக்டோர் வழியாகச் சாலை போடலாம் என்று முன்மொழிந்தபோது பெரும்பாலோர் நம்பவில்லை. அப்போது ஆஸ்திரியா, ஜெர்மனி, இத்தாலி மூன்றிலும் சேர்த்து இருந்த தனியார் கார்களே ஒன்றரை லட்சம் அளவில்தான். தார்ச்சாலைகளும் மிகக் குறைவு. இருக்கும் வண்டிகளை எண்ணிக் கணக்குப் போட்டால் திட்டம் தேறாது என்பது எதிர்த்தவர்களின் வாதம். அந்தக் கணக்கில் தவறில்லை, வண்டிகள் எந்த வேகத்தில் பெருகும் என்பதுதான் அதில் இல்லை.

வேலையைத் தொடங்கவைத்தது வேறொன்று. 1929இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வேலையின்மை கடுமையானது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை கிடைக்கும் என்பதை முன்வைத்து, சால்ஸ்பர்க் மாநில ஆளுநர் அரசியல் ஆதரவைத் திரட்டினார். 1930 ஆகஸ்ட் 30 அன்று முதல் வெடி வைக்கப்பட்டது. 1935 ஆகஸ்ட் 3 அன்று சாலை திறக்கப்பட்டது. உயரத்தில் ஆண்டுக்குச் சில மாதங்களே வேலை செய்ய முடியும் என்பதால் நிகர வேலைக்காலம் ஐந்தாண்டில் பாதிகூட வராது. கட்டுமானத்தில் உயிரிழந்தவர்களுக்கு ஃபுஷர் டோர்ல் முகட்டில் நினைவிடம் இருக்கிறது.

வேலைவாய்ப்பு என்ற முதல் காரணம் சாலை திறந்த அன்றே தீர்ந்துபோனது. சாலை பிழைத்தது இரண்டாவது காரணமான சுற்றுலாவால். அதற்கான முடிவுகள் வரைபடத்திலேயே எடுக்கப்பட்டிருந்தன.

பாதையை எங்கே போடுவது

இரு ஊர்களை இணைப்பது மட்டும் நோக்கமென்றால் பள்ளத்தாக்கின் அடியிலேயே கூடிய மட்டும் போய், கடைசியில் மலையைக் குடைந்து மறுபக்கம் இறங்கியிருப்பார்கள். வடிவமைத்த பொறியாளர் மற்ற ஆல்ப்ஸ் கணவாய்ச் சாலைகளை நேரில் பார்த்துவிட்டு வந்தவர். சாலையைத் திறந்த சரிவுகளின் மேலும் முகடுகளின் ஓரமாகவும் ஏற்றினார். அதில் இரண்டு ஆதாயங்கள். காற்று அடித்துச் செல்லும் முகட்டிலும் வெயில் விழும் சரிவிலும் பனி குறைவாகத் தேங்கும், சீக்கிரம் உருகும். கூடவே, வளைவுக்கு வளைவு காட்சி மாறும். 

வடபுறச் சுங்கச்சாவடி இருக்கும் ஃபெர்லைட்டன் 1,145 மீட்டரில் இருக்கிறது. ஃபுஷர் டோர்ல் 2,428 மீட்டரில். சுமார் 13 கிலோமீட்டரில் இந்த ஏற்றம் முடிகிறது, அதாவது சராசரியாக நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர். மிகச் செங்குத்தான இடங்களில் 12 சதவீதம். சாலையின் அகலம் ஆறு மீட்டர், வளைவுகளின் ஆரம் பத்து மீட்டர். அன்றைய வண்டிகளுக்கு இது தாராளம்.

பயன் மிகுந்த முடிவு, பிரதான சாலையிலிருந்து இரண்டு கிளைகளைப் பிரித்ததுதான். ஒன்று 2,571 மீட்டர் உயர எடெல்வைஸ்ஷ்பிட்ஸ முகட்டுக்குப் போகும் கல் பாவிய குறுகிய பாதை. மற்றொன்று 2,369 மீட்டரில் இருக்கும் கைசர் ஃபிரான்ஸ் யோசஃப் மேட்டுக்குப் போகும் சாலை. அங்கே நின்றால் எதிரே சிகரம், கீழே பாஸ்டெர்சே பனியாறு. இரண்டு கிளைகளும் போக்கிடம் இல்லாதவை. போனவர் திரும்பித்தான் வரவேண்டும். போக்குவரத்துப் பொறியியல் இதைக் குறையென்று சொல்லும். சுற்றுலாவுக்கு இதுவே பலம். அவசரமாகக் கடப்பவர் கிளைக்குள் நுழைவதில்லை. நுழைபவர் வண்டியை நிறுத்தி இறங்குபவர்.

சுங்கம், முதல் நாளிலிருந்தே

சாலையைக் கட்டி நடத்தத் தனி நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. திறந்த நாளிலிருந்தே சுங்கம் வசூலாகிறது. இது இயன்றதற்கு இடத்தின் அமைப்பு காரணம். நுழைவாயில்கள் இரண்டே, நடுவில் வேறு ஊர் இல்லை, குறுக்குச்சாலை இல்லை, எனவே சாவடியைத் தவிர்த்து உள்ளே போக வழியில்லை. நடுவே நான்கு கிராமங்கள் இருந்திருந்தால் உள்ளூர்வாசிகளுக்கு விலக்கு, அந்த விலக்கைப் பயன்படுத்தும் வெளியூர் வண்டிகள், அதையொட்டிய சச்சரவு என்று வசூல் ஓட்டையாகியிருக்கும்.

வசூலித்த பணம் பொதுக் கருவூலத்தில் கரையாமல் சாலையை நடத்தும் நிறுவனத்துக்கே வருவதால், பனி அகற்றுபவரும் தடுப்புச்சுவரைப் பூசுபவரும் கட்டண விலையைத் தீர்மானிப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். பல மலைச்சாலைகளில் சாலை ஒரு துறையிடம், வாகன நிறுத்தம் உள்ளாட்சியிடம், காட்சிமுனை வனத்துறையிடம், கழிப்பறை யாரிடமும் இல்லை என்ற நிலை இருக்கும். அதை இங்கே தவிர்த்தது சுங்கமென்பதைவிட, பொறுப்பு ஒரே கையில் இருந்தது என்று சொல்வதே சரி.

கட்டணம் மலிவல்ல. இன்று ஒரு காருக்கான நாள் சீட்டு 40 யூரோவைத் தாண்டுகிறது. ஆனால் அந்தச் சீட்டுக்குள் வாகன நிறுத்தங்களும் வழியிலுள்ள கண்காட்சிகளும் அடக்கம். நிறுத்தத்துக்கு நிறுத்தம் தனிக்காசு கேட்டால் குடும்பங்கள் வண்டியை விட்டு இறங்க யோசிக்கும். மொத்தமாகக் கொடுத்துவிட்டால், கொடுத்த காசுக்கு நாள் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஒரு மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய சாலை ஒரு நாள் பயணமாக நீளுவதற்கு விலை வைத்த விதமும் காரணம். இரவில் சாலை மூடப்படுகிறது. கடைசி நுழைவு மூடும் நேரத்துக்கு 45 நிமிடம் முன்பு. வேலை முடிந்து இருட்டில் பறந்துபோகும் வண்டிகள் அதோடு கழிந்துவிடுகின்றன.

முதல் பத்தாண்டு: எண்களை எப்படிப் படிப்பது

திட்டத்தில் எதிர்பார்த்தது ஆண்டுக்கு 1,20,000 பேரை. 1938இல் வந்தவர்கள் ஏறத்தாழ 3,75,000, வண்டிகள் 98,000. இந்த ஒப்பீட்டை மட்டும் எடுத்துக்காட்டி வெற்றி என்று எழுதுவது வழக்கம். அதில் எச்சரிக்கை வேண்டும். 1933இல் ஜெர்மனி, ஆஸ்திரியாவுக்குப் போகும் தன் குடிமக்களிடம் ஆயிரம் மார்க் கட்டணம் விதித்தது. அதனால் ஆஸ்திரியாவின் மலைவிடுதிகள் பெரும்பகுதி வாடிக்கையை இழந்தன. சாலை திறந்த 1935இலும் அந்தத் தடை இருந்தது, 1936இல்தான் விலகியது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவே ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டு எல்லை இல்லாமல் போனது. அந்த ஆண்டின் பெருக்கத்தில் சாலையின் கவர்ச்சிக்கு எவ்வளவு பங்கு, எல்லை மறைந்ததற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. சாலை தயாராக இருந்தது, கூட்டத்தை அரசியல் அனுப்பியது என்று கொள்வதே நியாயம்.

விளம்பரத்துக்குப் பந்தயம் உதவியது. திறப்பு விழாவுக்கு மறுநாளே சாலையில் கார் பந்தயம் நடந்தது. 1938, 1939 ஆண்டுகளிலும் மலையேற்றப் பந்தயங்கள் நடந்தன. கார் நிறுவனங்கள் இன்றுவரை புதிய வண்டிகளைச் சோதிக்க இங்கே கொண்டுவருகின்றன. காரணம் எளிது. ஃபுஷர் டோர்லிலிருந்து ஃபெர்லைட்டனுக்கு 1,283 மீட்டர் இறங்கும் 1,500 கிலோ கார் சுமார் 19 மெகாஜூல் ஆற்றலை எங்காவது இறக்கியாக வேண்டும். அறை வெப்பத்திலுள்ள ஐம்பது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். முழுவதும் பிரேக்கில் இறங்கினால் பிரேக் தட்டு பழுக்கும், பிரேக் எண்ணெயில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்து ஆவிக்குமிழாகி மிதி உள்ளே போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலையோட்டிகளின் பழைய விதி. மின்கார்களில் இதே ஆற்றலின் பெரும்பகுதி பேட்டரிக்குத் திரும்பிவரும், ஏறும் முன்பே பேட்டரியை நிறைத்திருந்தாலும் இறங்கும்போது அதற்கு இடம் இருக்கும். ஆனால் மேல்முகட்டில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால் வாங்கிக்கொள்ள இடமில்லாமல் சுமை மீண்டும் பிரேக்குக்கே போகும். உயரத்தில் சார்ஜ் நிலையம் வைக்க நினைப்பவர்கள் இதை அறிவிப்புப் பலகையில் எழுதியாக வேண்டும்.

பனியை அகற்றுவது

சாலையின் வருமானம் எத்தனை நாள் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. திறக்கும் நாளைத் தீர்மானிப்பது பனி. முதல் சில ஆண்டுகளில் சுமார் 350 பேர் மண்வெட்டியால் பனியை வாரிக் கொட்டினார்கள். ஒரு பருவத்துக்கு அகற்ற வேண்டியது 2,50,000 கன மீட்டர் அளவில் இருந்தது. புதுப்பனி பஞ்சுபோல் லேசானது. ஏப்ரலில் கிடப்பது அமுங்கி இறுகிய பனி, கன மீட்டருக்கு அரை டன் எடைவரை வரும். தலைக்கு எழுநூறு கன மீட்டர் என்றால் ஒவ்வொருவரும் ஒரு பருவத்தில் முந்நூறு டன்னுக்கு மேல் தூக்கி எறிந்திருக்கிறார்கள். இப்படி இரண்டு மாதத்துக்கு மேல் வேலை செய்தும், கிடைத்தது பெரும்பாலும் ஒற்றைத் தடம்.

1953இல் சாலையின் பொறியாளரே வடிவமைத்த சுழல் பனிவாரிகள் வந்தன. சாதாரணப் பனிக்கலப்பை பனியைத் தள்ளும். தள்ளிய பனிக்குப் பக்கத்தில் இடம் வேண்டும். இருபுறமும் சுவராக நிற்கும் பனிக்குள் அதற்கு இடமேது. சுழல்வாரி பனியை அரைத்துக் குழாய் வழியே பள்ளத்தாக்குப் பக்கம் வீசிவிடும். வேலை மேலிருந்து கீழாக, அடுக்கடுக்காக நடக்கும். அடியில் குடைந்தால் மேலே நிற்கும் பனி இயந்திரத்தின் மேலேயே சரியும். இரு மாநிலப் பக்கமிருந்தும் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் ஏறி உச்சிப் பகுதியில் சந்திக்கின்றன. அந்த இயந்திரங்கள் இன்றும் ஓடுகின்றன. இப்போது அகற்றும் பனி முன்பைவிட மிக அதிகம், சாலை முழு அகலத்துக்கும் திறக்கிறது, வேலையோ சில வாரங்களில் முடிகிறது. வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில் திறப்பு, அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ அடைப்பு.

இதில் எதிர்பாராத ஓர் ஆதாயமும் வந்தது. திறந்த முதல் வாரங்களில் சாலையின் இருபக்கமும் வீட்டு உயரத்துக்கு மேல் நிற்கும் பனிச்சுவரே ஒரு காட்சிப்பொருள். செலவாக எழுதப்பட்ட வேலை, கூட்டம் குறைந்த மே மாதத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது.

பனி போன பிறகுதான் சாலையின் உண்மையான சேதம் தெரியும். விரிசலில் இறங்கிய தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரிகிறது. பகலில் உருகி இரவில் உறையும் வசந்தத்தில் இது தினமும் நடக்கும். தார் மேற்பரப்பு பெயர்வதும் தடுப்புச்சுவர்க் கற்கள் துருத்திக்கொண்டு வெளியே வருவதும் இதனால்தான். மலைப்பக்க வடிகாலும் சாலைக்கடியில் போகும் சிறுபாலங்களும் திறப்புக்கு முன்பே துப்புரவாக இருந்தால் சேதம் பாதியோடு நிற்கும். சுவரின் பின்புறம் தண்ணீர் வடிய வழியில்லாமல் சிமென்ட் பூசி அடைப்பது, பழைய கற்சுவர்களில் மிகவும் கேடு செய்யும் பழுதுபார்ப்பு.

கூட்டம் பெருகியபோது

1952இல் 4,12,000 பேர் வந்தார்கள், வண்டிகள் 90,000க்குச் சற்று மேல். 1962இல் 13 லட்சம் பேர், 3,60,000 வண்டிகள். பத்தே ஆண்டில் ஆட்கள் மூன்று மடங்கு, வண்டிகள் நான்கு மடங்கு. போருக்குப் பின் முதலில் பேருந்தில் வந்தவர்கள் பிறகு சொந்தக் காரில் வரத் தொடங்கியதை இந்த வித்தியாசம் காட்டுகிறது.

பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் நீளமான பேருந்து ஒரே வீச்சில் திரும்பாது, பின்னெடுத்துத் திரும்பும். பின்னால் இருபது கார்கள் நின்றால் கீழ் வளைவில் ஏறிவருபவர்களும் நிற்க வேண்டிவரும், 12 சதவீத ஏற்றத்தில் நின்ற வண்டிகளில் எஞ்சின் சூடேறிக் கொதிக்கும். எனவே வளைவுகளின் ஆரம் 15 மீட்டராகவும் சாலை அகலம் ஏழரை மீட்டராகவும் கூட்டப்பட்டன. 800 வண்டிகளுக்கு இருந்த நிறுத்தம் 4,000ஆக உயர்த்தப்பட்டது. பனியாற்றை நோக்கும் மேட்டில் அடுக்குமாடி வாகன நிறுத்தமே எழுந்தது. 1963இல் அந்த மேட்டிலிருந்து பனியாற்றுக்கு இறங்க இழுவை ரயில் ஒன்றும் வந்தது.

இந்த விரிவாக்கம் சரியா? வளைவுகளைப் பொறுத்தவரை சரியே, பாதுகாப்புக்கு வேறு வழியில்லை. அடுக்குமாடி நிறுத்தம் மட்டும் விவாதத்துக்குரியது. ஆண்டுக்குச் சில வார உச்சக் கூட்டத்துக்காக, யாரும் மறைக்க முடியாத இடத்தில், திரும்பப் பெற முடியாத அளவு கான்கிரீட் ஊற்றப்பட்டது. பின்னால் பார்த்தால், 1962இன் அந்தக் கூட்டமே சாலையின் உச்சம்.

போட்டிச் சாலைகள் வந்த பின்

1967இல் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஃபெல்பர்டவெர்ன் சுரங்கப்பாதை திறந்தது. 1975இல் டவெர்ன் நெடுஞ்சாலைச் சுரங்கமும் வந்தது. இரண்டும் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும், வேகமும் அதிகம். வடக்கிலிருந்து தெற்கே போக வேண்டியவர் 2,504 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டிய கட்டாயம் அதோடு போனது.

சாலை நிறுவனத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. குளிர்காலத்திலும் திறந்துவைக்கப் பனிச்சரிவுக் கூரைகளும் நீண்ட சுரங்கங்களும் கட்டிப் போட்டியில் இறங்கலாம். அல்லது போக்குவரத்தை விட்டுக்கொடுத்து, பார்க்க வருபவர்களுக்கு மட்டுமான சாலையாகத் தொடரலாம். இரண்டாவது வழியில்தான் சாலை நின்றது. பணத்தோடு இன்னொரு நியாயமும் இதில் உண்டு: கூரைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் போகும் சாலையில் காட்சி இருக்காது, போட்டியில் வென்றிருந்தாலும் விற்கப் பொருள் மிஞ்சியிருக்காது.

கடக்க வந்தவர்கள் போனபின்னும் பார்க்க வருபவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு ஒன்பது லட்சம் அளவில் வருகை நிற்கிறது. 1935இல் செய்த கிளைகளும் நிறுத்தங்களும் முகட்டோரப் பாதையும்தான் முப்பதாண்டு கழித்துச் சாலையைக் காப்பாற்றின.

தேசியப் பூங்காவும் பின்வாங்கிய பனியாறும்

ஹோஹ டவெர்ன் தேசியப் பூங்கா 1981இல் கரிந்தியாவிலும் 1980களின் நடுவில் சால்ஸ்பர்க்கிலும் 1992இல் டிரோலிலும் உருவானது. சாலை அதன் ஊடாகப் போகிறது. பூங்காவுக்குள் ஆண்டுக்கு லட்சக்கணக்கான வண்டிகளா என்ற கேள்விக்கு இன்றும் முழு விடை இல்லை. நடைமுறையில் கண்ட சமாதானம், சாலையைப் பூங்காவின் வாயிலாக மாற்றியது. வழியில் உயர்மலை இயற்கைக் காட்சியகம், சாலை கட்டிய வரலாற்றைச் சொல்லும் கண்காட்சி, மர்மோட் அணில்களையும் மலையாடுகளையும் பார்க்கத் தொலைநோக்கிக் கூடம் ஆகியவை வந்தன. ஓட்டுவதே இன்பம் என்று வந்தவரை ஒரு மணி நேரம் நடக்கவைப்பது நோக்கம். 

பாஸ்டெர்சே பனியாறு 1850களில் இருந்த கன அளவில் ஏறத்தாழ பாதியை இழந்துவிட்டது. 1963இன் இழுவை ரயிலில் இறங்கியவர் அன்று பனிமேல் கால்வைக்க முடிந்தது. இன்று அந்தக் கீழ் நிலையத்திலிருந்து பனி வெகுதூரம் பின்னால் போய்விட்டது. ஒரே ஓர் இயற்கைப் பொருளை நம்பி நிலையான கட்டடம் கட்டியதன் விளைவு அது. ஆண்டு குறித்த பலகைகள் நட்ட நடைபாதை அதைவிடச் சாமர்த்தியமானது, பனி பின்வாங்கப் பின்வாங்க அடுத்த பலகையை நடலாம். உறைந்து பிணைந்திருந்த பாறைகள் தளர்வதால் கல் விழும் ஆபத்தும் கூடுகிறது. மேட்டிலிருந்து பனியாற்றையொட்டிப் போகும் நடைபாதையின் ஒரு பகுதி ஏற்கெனவே மலைக்குள் குடைந்த சுரங்கங்கள் வழியாகத்தான் போகிறது.

அடிவார ஊர்களுக்குக் கிடைத்தது என்ன

வட்டார வளர்ச்சி என்று பார்த்தால் பலன் சீராகப் பரவவில்லை. வடக்கே செல் ஆம் ஸே போன்ற, ஏரியும் பனிச்சறுக்குத் தளமும் கொண்ட ஊர்களுக்கு இந்தச் சாலை கூடுதலாக ஒரு நாள் விருந்தினரைத் தங்கவைக்கும் காரணம். தெற்கே ஹைலிகன்புளூட்டுக்கு அதுவே முதுகெலும்பு. மே முதல் அக்டோபர் வரை ஊர் வாசல் வழியே உலகம் போகும். நவம்பரில் சாலை மூடியதும் ஊர் முட்டுச்சந்தாகிவிடும். ஆறு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாத ஊழியரை வைத்திருக்கச் சிறிய விடுதியால் முடியாது. நல்ல சமையல்காரர் அடுத்த பருவத்துக்குத் திரும்புவார் என்ற உறுதியும் இல்லை.

இன்னொரு சிக்கல், மேலே எல்லாம் கிடைத்தால் கீழே யாரும் நிற்பதில்லை. காலையில் வடக்கே நுழைந்து, மேட்டில் சாப்பிட்டு, மாலையில் தெற்கே இறங்கி நேரே நெடுஞ்சாலையைப் பிடிப்பவர் அடிவாரத்தில் விட்டுச்செல்வது புகையைத்தான். இரவு தங்குபவருக்குத் தரும் விருந்தினர் அட்டையோடு சுங்கத்தை இணைப்பது இதற்குச் செய்த மாற்று. கரிந்தியாவில் இது நடைமுறையில் இருக்கிறது. குடும்பத்துக்கு 40 யூரோ மிச்சம் என்பது ஓர் இரவு தங்கலாமா வேண்டாமா என்ற பேச்சை முடித்துவைக்கும் தொகை. விடுதிக்காரரும் அறை வாடகையைக் குறைக்காமலே விற்க முடிகிறது.

2015க்குப் பின்

2015இல் சாலை நினைவுச்சின்னமாகச் சட்டப் பாதுகாப்பு பெற்றது. உலகப் பாரம்பரியக் களங்களுக்கான ஆஸ்திரியாவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றது. பாதுகாப்பு என்பது மதிப்பு மட்டுமல்ல, கட்டுப்பாடும்கூட. ஓரக்கற்களைப் பிடுங்கி எல்லா நெடுஞ்சாலைகளிலும் இருக்கும் இரும்புத் தடுப்பை வைப்பது மலிவு. ஆனால் அந்தக் கற்கள் போனால் படத்தில் இந்தச் சாலையை அடையாளம் காண முடியாது. அதே நேரம், விழுந்தால் நூறு மீட்டர் ஆழம் என்ற இடத்தில் பழமைக்காகப் பாதுகாப்பை விடவும் முடியாது. வளைவுக்கு வளைவு பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒட்டுமொத்த விதி இங்கே வேலை செய்யாது.

மோட்டார் சைக்கிள் கூட்டம் இன்னொரு நடப்பு. தலைக்கவசமும் தோல் உடையும் வைத்துப் பூட்டப் பெட்டிகள் கொடுத்தது சின்ன ஏற்பாடு. கனமான உடையோடு யாரும் கண்காட்சிக்குள் ஒரு மணி நேரம் நடக்கமாட்டார்கள், கழற்றிவைக்க இடம் கொடுத்தால் நடப்பார்கள். இரைச்சல் புகார்களுக்கு அந்தப் பெட்டிகளால் ஒன்றும் செய்ய முடியாது.

மாற்ற வேண்டியவை

முதலாவதாக, எண்ணுவதை மாற்ற வேண்டும். சுங்கச்சாவடி வண்டியை எண்ணுகிறது, அடிவார ஊருக்குத் தேவையானது இரவுகளின் எண்ணிக்கை. சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் இருபுறப் பள்ளத்தாக்குகளிலும் தங்கினார்கள் என்பதை விருந்தினர் அட்டை மூலம் ஆண்டுதோறும் பிரித்துப் பார்த்தால், கட்டணக் குறைப்பு யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தெரியும்.

அடுத்தது நேரம். ஆகஸ்ட் மாதத் தெளிந்த வானிலை நாளில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே மேட்டில் நிறுத்த இடம் கிடைக்காது; காலை ஏழு மணியளவிலும் மாலை ஐந்து மணியளவிலும் பாதி காலியாகக் கிடக்கும். பகல் முழுக்க ஒரே விலையில் செல்லும் நாள் சீட்டு, நேரம் மாற்றி வரத் தூண்டுகோல் தருவதில்லை. அதிகாலை, மாலை நுழைவுக்குக் கணிசமான விலைக்குறைப்பு கொடுத்தால், அதிகாலையில் நுழைய விரும்புபவர் முந்தின இரவு அடிவாரத்தில் தங்கியே ஆகவேண்டும். புதிய நிறுத்தம் கட்டும் செலவும் மிச்சம்.

இதே மாதிரியை வேறு மலைச்சாலையில் செய்ய நினைப்பவர்கள் முதலில் வரைபடத்தில் பார்க்க வேண்டியது, நடுவில் ஊர்கள் உண்டா, சாவடியைச் சுற்றிப்போக வழி உண்டா என்பதை. உண்டென்றால் சாலை முழுதுக்கும் சுங்கம் நடக்காது. காட்சிமுனைக் கிளைகளில் மட்டும் வசூலிப்பதே செல்லும். பிரதான சாலையை உள்ளூராருக்கு விட்டுவிட வேண்டும். ஓராண்டு முழுக்கப் பனி, மழை, மண்சரிவு எங்கே முதலில் வருகிறது என்று குறித்துவைக்காமல் நிறுத்தத்துக்கு இடம் தேர்வு செய்யக் கூடாது. கட்டும் எதுவும் அந்த ஒரே காட்சி இல்லாமல் போனாலும் பயன்படுமா என்று கேட்டுவிட்டு அடிக்கல் நாட்டலாம். பனியாற்று இழுவை ரயிலைத் திட்டமிட்டபோது அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருந்தால், கீழ் நிலையத்தை இடம் மாற்றக்கூடிய வகையிலாவது வைத்திருப்பார்கள்.